வலப்பக்கத்தான்

"முட்டினா சொல்லுங்க" என்று பதினேழு என எழுதிய பிளாஸ்டிக் வில்லையைக் கவுன்ட்டர்ப் பெண் அவன் பக்கமாகத் தள்ளி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. சவரிராயனுக்கு இன்னும் முட்டவில்லை. கையோடு கொண்டுவந்த ஒரு லிட்டர் பாட்டில் காலி, மூலையில் கவிழ்த்து வைத்த கேனிலிருந்து காகிதக் கோப்பையில் ஐந்து தடவை பிடித்துக் குடித்தாயிற்று, ஆறாவது கையில் இருக்கிறது, உள்ளே போனதெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எழுந்து நடந்தால் வயிற்றுக்குள் தளும்புவது கேட்கிறது, பாதி நிரப்பிய தண்ணீர் லாரி முக்கில் திரும்பும்போது டேங்க்குக்குள் மோதுமே அந்த மாதிரி, ஆனால் அது மேலே. கீழே, சேர வேண்டிய இடத்தில், ஒரு அசைவும் இல்லை. புத்தூர் நால்ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் இந்த ஸ்கேன் சென்டரில் காலை ஒன்பதரை மணிக்கு வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் ஒரே வேலையாக இருக்கிறார்கள். நிரம்பிக்கொண்டிருக்கிறார்கள். மூத்திரப்பை நிறைந்தால்தான் உள்ளிருப்பது திரையில் துலக்கமாகத் தெரியுமாம். பக்கத்து நாற்காலிப் பெண் மூன்று மாதம், அவனுக்கு அப்புறம் வந்தவள், அரைப் பாட்டில்தான் குடித்தாள், அதற்குள் காலை மாற்றி மாற்றிப் போட்டு, "அத்தை, முடியல அத்தை" என்கிறாள், மாமியார்க்காரி டிவியை விட்டுக் கண்ணெடுக்காமல், "அடக்கு, இப்பப் போனேன்னா மொதல்லேருந்து ரொப்பணும்" என்கிறாள். எதிரே இருந்த பெரியவர் இதைக் கேட்டுச் சிரித்து, சவரிராயனைப் பார்த்து, "எனக்கு ரொப்புறதுல பிரச்சினையே இல்ல தம்பி, எறக்குறதுதான்" என்றார். அவனும் சிரித்தான். சிரித்தால் முட்டும் என்று சொல்வார்கள். சிரித்துப் பார்த்ததிலும் முட்டவில்லை. அவர்களுக்கெல்லாம் இரண்டு. அவனுக்கு ஒன்று. இரண்டு இருப்பவர்கள் சீக்கிரம் நிரம்புவார்கள், ஒன்று இருப்பவன் மெதுவாக நிரம்புவான், அவ்வளவுதான், இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று நினைத்தான், நினைத்துக்கொண்டே இடது கையைச் சட்டைக்குள் விட்டு வலது விலாவுக்குக் கீழே புறங்கையை வைத்துப் பார்த்தான். மோட்டார் சூடேறியிருக்கிறதா என்று பார்க்க பேரிங் மேல் புறங்கையைத்தான் வைக்க வேண்டும், உள்ளங்கையை வைக்கக் கூடாது, ஷாக் அடித்தால் விரல் மடங்கிப் பிடித்துக்கொள்ளும் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்கள், இருபத்தாறு வருஷமாகக் கை தானாகத் திரும்பிக்கொள்கிறது. தோல் வெதுவெதுப்பாக இருந்தது. எல்லார் தோலும் அப்படித்தான் இருக்கும்.

கொள்ளிடக் கரை நீரேற்று நிலையத்தில் ராத்திரி டூட்டி முடித்து, வீட்டுக்குப் போகாமல் நேரே வந்திருக்கிறான். பிலோமினாவிடம் யூனியன் மீட்டிங் என்று சொல்லியிருந்தான். அவள் நம்பியிருப்பாளா என்பது வேறு விஷயம், கட்டிய இருபத்து மூன்று வருஷத்தில் அவன் எந்த யூனியன் மீட்டிங்குக்கும் போனதில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் ஸ்கேன் என்று எப்படிச் சொல்வது. போன வருஷம் இதே ஆடி மாசத்தில் அவனுடைய இடது சிறுநீரகத்தை எடுத்து அவள் வயிற்றில் வைத்தார்கள். ஒரு வருஷப் பரிசோதனையில் அவனுக்கு ரத்தத்தில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின், ஒன்று புள்ளி ஐந்து. கொடுப்பதற்கு முன்னால் பூஜ்யம் புள்ளி ஒன்பது, கொடுத்து ஆறாவது மாசம் ஒன்று புள்ளி மூன்று, இப்போது ஒன்றரை. டாக்டர் தாளைப் பார்த்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுப் பார்த்து, "ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வாங்க, பாக்கலாம்" என்றார். அவர் ஏன் கண்ணாடியைத் துடைத்தார் என்பதைச் சவரிராயன் நான்கு ராத்திரி யோசித்திருக்கிறான். மிச்சமிருக்கும் ஒன்றும் படுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை யோசிக்க ஒரு ராத்திரிகூட வேண்டியதில்லை, அவளோடு இரண்டு வருஷம் டயாலிசிஸ் வார்டில் உட்கார்ந்தவன் அவன், அந்த மெஷின் போடுகிற சத்தம் அவனுக்கு மனப்பாடம். அதைவிடப் பெரிய பயம் வேறு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில், அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டே, உப்பு போதுமா என்று கேட்கிற குரலில் அவள் சொன்னாள்: "இங்க பாருங்க, உங்களுக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா நான் மாத்திரைய நிறுத்திருவேன். இது உங்க பொருள். உங்களுக்கு இல்லாம எனக்கெதுக்கு." துருவி முடித்து ஓட்டைத் தட்டிக் குப்பைக்கூடையில் போட்டாள். மாத்திரையை நிறுத்தினால் அவள் உடம்பு பத்து நாளில் அதை அந்நியன் என்று கண்டுபிடித்துக் கொன்றுவிடும். பிலோமினா வெறும் வார்த்தை சொல்கிறவள் கிடையாது, மாதா கோவில் அசன விருந்துக்கு இனிமேல் வர மாட்டேன் என்று ஒருதரம் சொன்னவள், பதினோரு வருஷமாகப் போகவில்லை. ஆகவே இந்த வலது பக்கத்து ஒன்றின் மேல் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அது அதற்குத் தெரியாது. அதற்கு என்னதான் தெரியும் என்பது சவரிராயனுக்கும் தெரியாது.

அவள் வயிற்றிலிருப்பதை அவள் உங்க ஆள் என்றுதான் சொல்வாள். முன்பக்கம், வலது இடுப்பெலும்புக்குள், தோலுக்கு அடியிலேயே, தொட்டால் தெரியும். பழசு இரண்டையும் எடுக்காமல் அப்படியே விட்டிருந்தார்கள், அதனால் அவளுக்கு மூன்று, அவனுக்கு ஒன்று. பகலில் அவன் தூங்கி எழும்போது சில நாள் அவன் கையைப் பிடித்து அதன் மேல் வைத்து, "உங்க ஆள் இன்னிக்கு ஓவர்டைம் பாக்குறாரு" என்பாள். தன் உடம்பைத் தனக்கு வெளியே தொட்டுப் பார்ப்பது என்றால் என்ன என்று யாரிடம் போய்ச் சொல்வது. ஐம்பது வருஷம் அவன் முதுகுக்குள் இருந்தது, ஒருநாளும் அவன் அதைத் தொட்டதில்லை, அவளுக்குள் போனபிறகுதான் அதன் முகவரி தெரிந்தது. அதை எடுத்து, கழுவி, ஐஸில் வைத்து, அடுத்த அறைக்குக் கொண்டுபோய், ரத்தக்குழாயைச் சேர்த்து, பிடித்திருந்த கிளிப்பை விட்டதும் கருத்துக் கிடந்தது ரோஜா நிறத்துக்கு வந்ததாம், "தையல் முடிக்கறதுக்குள்ள ஊத்த ஆரம்பிச்சுட்டுது" என்று மறுநாள் சர்ஜன் கையை விரித்துக் காட்டினார். இரண்டு வருஷமாக ஒரு சொட்டு மூத்திரம் போகாதவள், கட்டிலோரம் தொங்கிய பையில் மஞ்சளாக ஏறுவதைப் பார்த்து நர்ஸிடம், "இது என்னோடதா சிஸ்டர்?" என்று கேட்டாளாம். எல்லாரும் அந்த இடதை மெச்சினார்கள். மெச்ச வேண்டியதுதான். ஆனால் அதே நேரம், பக்கத்து அறையில், மயக்கத்தில் கிடந்த இவன் உடம்புக்குள் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது, அதைப் பார்க்க யாரும் இல்லை. வலப்பக்கத்தான். ஐம்பது வருஷம் முதுகெலும்புக்கு அந்தப் பக்கம் ஒருவன், இந்தப் பக்கம் ஒருவனாகப் படுத்திருந்ததில் ஒருவன் திடீரென்று இல்லை. தகவல் சொல்ல ஆள் இல்லை, ஆர்டர் போட அதிகாரி இல்லை. இரண்டாகப் பிரிந்து போய்க்கொண்டிருந்த ரத்தம் முழுக்க ஒரே வாசலில் வந்து நிற்கிறது. அவன் என்ன செய்தான்? கதவை அகலத் திறந்தான்.

இதையெல்லாம் சவரிராயன் படித்துத் தெரிந்துகொண்டது. பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய அறிவியல் களஞ்சியத் தொகுதி ஒன்று, அட்டை கிடையாது, ச-வில் ஆரம்பித்து த-வில் முடியும். பத்தாவதும் ஐடிஐயும் படித்தவனுக்கு பம்ப் ஹவுஸில் மோட்டார் சத்தத்துக்கு நடுவே அதுதான் காலேஜ். சிறுநீரகம் என்ற தலைப்பு அதில் எட்டுப் பக்கம். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ பத்து லட்சம் வடிகட்டி. இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு நூற்றி எண்பது லிட்டர் வடிக்கின்றன, வடித்ததில் நூற்றி எழுபத்தெட்டு லிட்டருக்கு மேல் திரும்ப உடம்புக்கே கொடுத்துவிடுகின்றன, வெளியே விடுவது ஒன்றரை, இரண்டு. அவன் இந்த வரியை முதலில் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றான். தண்ணீர் வேலை பார்க்கிறவனுக்குத்தான் அது என்ன கணக்கு என்று தெரியும். அத்தனையையும் வெளியே எடுத்து, அதில் வேண்டியது எது, வேண்டாதது எது என்று துளித்துளியாகப் பிரித்து, வேண்டியதைத் திரும்ப உள்ளே ஊற்றுகிற ஒரு நிலையம், கைக்குள் அடங்குகிற அளவில், மணல் படுகை இல்லாமல், குளோரின் இல்லாமல், ஷிப்டு மாற ஆள் இல்லாமல். ஒன்று போய்விட்டால் மற்றது வீங்குமாம். புதிய வடிகட்டி ஒன்றுகூட முளைக்காது, பிறக்கும்போது இருந்த எண்ணிக்கைதான் கடைசி வரைக்கும். இருக்கிற ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் பெரிதாகும், சுவர் தடிக்கும், குழாய் நீளும், இரண்டு பேர் வேலையில் பாதியைப் பார்த்தவன் சில வாரத்தில் மூன்றில் இரண்டு பங்கைப் பார்ப்பான். எப்படித் தெரிந்துகொள்கிறது என்ற கேள்விக்கு அந்தத் தொகுதி, முழுமையாக விளங்கவில்லை என்று எழுதியிருந்தது, அந்த நேர்மை அவனுக்குப் பிடித்திருந்தது, பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறான். அவனுடைய மூன்றாம் நம்பர் மோட்டாரின் கம்பிச்சுருள் எரிந்து ஏழு மாசம் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. ஒன்றும் இரண்டும் அந்த ஏழு மாசமும் மாறி மாறி ஓடின, முனகின, சூடேறின, இரண்டாவதில் பேரிங் போயிற்று. இரண்டில் எதுவும் ஒரு நூல்கூடப் பெரிதாகவில்லை. இரும்புக்கு அடுத்த இரும்பு இல்லாமல்போனது தெரியாது. சதைக்குத் தெரிகிறது. முகம் கிடையாது, பெயர் கிடையாது, இருட்டில் கிடக்கிற ஒரு அவரைக்காய்ச் சதைக்கு, பக்கத்தில் இருந்தவன் போய்விட்டான், இனி நான்தான் என்று தெரிகிறது. அழுவது, ஆள் தேடுவது ஒன்றும் கிடையாது, வளர்கிறது. அம்மா செத்த வருஷம் அவன் செய்ததை நினைத்துப் பார்த்தான், மூன்று மாசம் வேலைக்குப் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவனுக்குள் இருப்பது அவனைவிடக் கெட்டி.

ஆனால் தெரிந்துவைத்திருப்பது ஒன்று, பயந்தால் கை செய்வது இன்னொன்று. ஆறாவது மாசத் தாளில் அந்த ஒன்று புள்ளி மூன்றைத் தடித்த எழுத்தில் அடித்து, பக்கத்தில் நட்சத்திரம் போட்டிருந்தார்கள். டாக்டர், "இருக்கட்டும், நல்லா தண்ணி குடிங்க" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். நட்சத்திரம் போட்டதை எப்படி இருக்கட்டும் என்று விடுவது. அன்று ராத்திரி பம்ப் ஹவுஸில் உட்கார்ந்து யோசித்தபோது பதில் சுலபமாக வந்தது, சுவரிலேயே எழுதியிருந்தது: எந்த மோட்டாரையும் ஆறு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டக் கூடாது, ஆறவிட வேண்டும். ஒற்றை மோட்டார் இருக்கிற சின்ன நிலையங்களில் அதைவிடக் கண்டிப்பு, ஓட்டத்தைக் குறை, லோடைக் குறை, அது படுத்தால் ஊருக்கே தண்ணீர் கிடையாது. இவனிடம் ஒற்றை மோட்டார். உள்ளே ஊற்றுகிற தண்ணீர்தானே அதற்கு லோடு. ஊற்றுவதைக் குறைத்தால் அது கொஞ்சம் உட்காரும். டாக்டர்கள் தண்ணி குடி என்று எல்லாரிடமும்தான் சொல்கிறார்கள், சளிக்கும் சொல்கிறார்கள், அவர்களில் யார் மோட்டார் ஓட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து டூட்டிக்குப் பாட்டில் கொண்டுபோவதை நிறுத்தினான். பத்து மணிக்கு ஒரு டீ, மூன்று மணிக்கு ஒரு டீ, இடையில் ஒன்றும் இல்லை. அறைக்கு அந்தப் பக்கம் லட்சக்கணக்கான லிட்டர் குழாய்க்குள் உறுமிக்கொண்டு ஊருக்குப் போகும், வால்வில் கசிவது சொட்டும், அவன் உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு ச முதல் த வரை புரட்டுவான். தாகம் எடுக்கும்போது பெருமையாகக்கூட இருந்தது, வலப்பக்கத்தான் தூங்குகிறான், நான் காவல் இருக்கிறேன். விநோதம் என்னவென்றால் அந்தத் தாகம் அவனுக்குப் புதிதாகத் தெரியவில்லை. டயாலிசிஸ் காலத்தில் பிலோமினாவுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான். காலையில் ஒரு சொம்பில் அளந்து வைப்பாள், சாயங்காலம் வரை அதை ஒளித்து ஒளித்துப் பார்ப்பாள், ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு குழாயடியில் சும்மா நிற்பாள். "ஊருக்கெல்லாம் தண்ணி விடுறீங்க, எனக்கு ஒரு டம்ளர் தர மாட்டேங்கறீங்க" என்று விளையாட்டாகத்தான் சொன்னாள், அவன் கொல்லைப்பக்கம் போய்விட்டான். கிட்னியைக் கொடுத்துவிட்டு அவள் தாகத்தைப் பதிலுக்கு வாங்கிக்கொண்டது போல இருந்தது இந்த ஆறு மாசமும். அப்படி உட்காரவைத்துப் பார்த்துக்கொண்ட பிறகுதான் ஒன்றரை. அப்போதுகூட, இன்னும் ஓய்வு போதவில்லையோ என்றுதான் அவனுக்குத் தோன்றியது.

"பதினேழு, முட்டிச்சா?" கவுன்ட்டர்ப் பெண் தலையை நீட்டிக் கேட்டாள். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "லேசா" என்று பொய் சொன்னான். "லேசால்லாம் பத்தாது சார், உள்ள போனா டாக்டர் திருப்பி அனுப்பிருவாங்க. இன்னும் ரெண்டு கப் குடிங்க." இருபதாவது டோக்கன் கர்ப்பிணிப் பெண் பதினெட்டுக்கும் பத்தொன்பதுக்கும் முன்னால் ஓடியே உள்ளே போய்விட்டாள். பெரியவர் போய்விட்டு வந்துவிட்டார். "இன்னுமா தம்பி?" என்றார், இந்தத் தடவை சிரிக்கவில்லை. சவரிராயன் ஆறாவதைக் குடித்தான், ஏழாவதைப் பிடித்தான். ஏசிக் காற்றிலும் கழுத்தில் வேர்த்தது. ஒன்றே முக்கால் லிட்டர். ஒன்றே முக்கால் லிட்டர் உள்ளே போய் ஒன்றும் வரவில்லை என்றால் நடுவில் நின்றுவிட்டது என்று அர்த்தம், கீழே சம்ப்பில் தண்ணீர் இருக்கிறது, கோபுரத் தொட்டியில் ஏறவில்லை, அப்புறம் வேறென்ன அர்த்தம். நின்றுவிட்டது. எப்போது நின்றது, விடிகாலையிலா, போன வாரமா, அவன் புத்தகம் படித்துக்கொண்டிருந்தபோதா. பிலோமினாவுக்கும் இப்படித்தான், ஒரு நாள் குறைந்தது, ஒரு நாள் கொஞ்சம் வந்தது, ஒரு நாள் வரவில்லை, கால் வீங்கியது. குனிந்து கணுக்காலை அமுக்கிப் பார்த்தான், குழி விழுகிறதா, விழவில்லை, இன்னொரு தரம் அழுத்தி அமுக்கினான். அவள் மாத்திரை டப்பா நினைவுக்கு வந்தது, காலை, இரவு என்று இரண்டு நிறத்தில் மூடி, அலமாரியில் வேளாங்கண்ணி மாதா படத்துக்குக் கீழே. அவள் அதைக் கையில் எடுத்து, மூடியைத் திறக்காமல், திரும்ப வைத்துவிடுவது தெரிந்தது. தேங்காய் ஓட்டைத் தட்டுகிற சத்தம். டேய், என்று கூப்பிட்டான், வாய் அசையாமல், வாழ்க்கையில் முதல் தடவையாக அதை அவன் கூப்பிட்டது அப்போதுதான், டேய், இருக்கியாடா? புறங்கையை மறுபடி உள்ளே விட்டான். பிறகு என்னவோ தோன்றி, இருபத்தாறு வருஷப் பழக்கத்தை மீறி, கையைத் திருப்பி உள்ளங்கையை வைத்தான். வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். டிவியில் சத்தமில்லாமல் ஒரு பெண் கத்தரிக்காய் வதக்கிக்கொண்டிருந்தாள். அப்போது, கத்தரிக்காய் சுருங்கிக்கொண்டிருந்தபோது, தொப்புளுக்குக் கீழே, வெகு ஆழத்தில், யாரோ மறுபக்கத்திலிருந்து ஒரு விரலால் தொட்டமாதிரி இருந்தது. இல்லை, பிரமை. மூச்சை நிறுத்திக் கவனித்தான். மறுபடி. விரல் இரண்டானது. பின் கை முழுக்க. புதுத் தெருவில் குழாய் போட்டு முதன்முதல் தண்ணீர் விடும்போது, முதலில் வெறும் காற்று வரும், புஸ்ஸென்று, அப்புறம் இருமும், அப்புறம் ஒரு கணம் ஒன்றுமே இராது, குடத்தோடு நிற்கிற பெண்கள் முகம் விழும், அந்தக் கணம் தாண்டித்தான் வரும். வந்தது. நிமிஷத்துக்கு நிமிஷம் வந்துகொண்டிருந்தது, அவன் உட்கார்ந்த இடத்திலேயே, அவன் ஒன்றும் செய்யாமல், இருட்டில் பத்து லட்சம் பேர் கைமாற்றிக் கைமாற்றி இறக்கி வைக்கிற மாதிரி. கண்ணில் நீர் முட்டியது. இரண்டு இடத்திலும் முட்டுகிறது. எழுந்து கவுன்ட்டருக்குப் போய், ஊர் கேட்க, "முட்டிருச்சும்மா" என்றான்.

உள்ளே குளிர், இருட்டு, வயிற்றில் தடவிய களிம்பு அதைவிடக் குளிர். டாக்டரம்மா சின்ன வயது, வலது கையால் அவன் வயிற்றில் கருவியை அழுத்தி நகர்த்திக்கொண்டே, திரையை விட்டுப் பார்வை எடுக்காமல், மூலையில் கம்ப்யூட்டர் முன் இருந்த டைப்பிஸ்ட் பெண்ணுக்குச் சொல்லிக்கொண்டே போனாள், லிவர் நார்மல், பித்தப்பை நார்மல், "திரும்பிப் படுங்க ஐயா, மூச்ச இழுத்துப் பிடிங்க." இடது பக்கம் கொஞ்ச நேரம் தேடினாள். "இந்தப் பக்கம் கிட்னி எடுத்துட்டாங்களா?" "குடுத்துட்டேன்" என்றான். கருவி ஒரு நொடி நின்றது. "யாருக்கு?" "வீட்ல." டைப்பிஸ்ட் பெண் நாற்காலியைத் திருப்பி அவனை ஒருதரம் பார்த்தாள். வலது பக்கம் வந்தபோது அவன் கண்ணை மூடிக்கொண்டான், மூடிய கண்ணுக்குள் மோட்டார் இல்லாத பீடம், நான்கு போல்ட்டுகள் மட்டும் துருத்திக்கொண்டு. "ரைட் கிட்னி," என்றாள் டாக்டரம்மா, "பதினொன்று புள்ளி நான்கு சென்டிமீட்டர்." அவன் கண்ணைத் திறந்தான். பழைய ரிப்போர்ட் அவனுக்கு மனப்பாடம், ஒன்பது புள்ளி எட்டு. "பதினொண்ணு நாலா? நல்லாப் பாருங்கம்மா." "பாத்துட்டேன் ஐயா. வளர்ந்திருக்கு. நல்லா வளர்ந்திருக்கு. ரத்த ஓட்டமும் நல்லாருக்கு, இந்தாங்க." திரையை அவன் பக்கம் திருப்பினாள். சாம்பல் நிறப் புயல் மாதிரி ஒன்று, அதற்குள் கருமையாக ஒரு அவரை, அவரைக்குள் சிவப்பும் நீலமும் மின்னி மின்னி மரக்கிளை போலப் பிரிந்து ஓடின, ஒவ்வொரு துடிப்புக்கும் கிளை முழுக்கப் பூத்து அணைந்து பூத்தது. தூங்குகிறான் என்று நினைத்துக் காவல் இருந்தவன், தூங்காதவனைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஆமா, முட்டறதுக்கு ஏன் இவ்ளோ நேரம்? ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிப்பீங்க?" சொன்னான். மோட்டார், லோடு, ஆறவிடுவது எல்லாவற்றையும், படுத்த வாக்கில், வயிற்றில் களிம்போடு சொன்னான். டைப்பிஸ்ட் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "ஐயா, நீங்க குடிச்சாலும் குடிக்கலைன்னாலும் அது வடிகட்டிக்கிட்டேதான் இருக்கும். அதுக்கு லீவு கிடையாது. நீங்க குடிக்கலைன்னா, இருக்கற தண்ணிய விடாமப் பிடிச்சு வைக்க இன்னும் கஷ்டப்படும். அதான் இன்னிக்கு நீங்க ஊத்துனதையெல்லாம் கூட மொதல்ல பிடிச்சு வச்சிருச்சு." கருவியைத் துடைத்தாள். "ஒத்தக் கிட்னிக்கு ஒண்ணு புள்ளி மூணு சாதாரணம். ஒன்றரை ஆனது நீங்க காயப்போட்டதாலயா இருக்கும். நாலு வாரம் ஒழுங்காக் குடிச்சிட்டு ரத்தம் திருப்பிப் பாருங்க, அப்புறம் உங்க டாக்டர்தான் சொல்லணும். போங்க, போய் யூரின் போயிட்டு வாங்க, இன்னொரு தடவை பாக்கணும்."

கழிப்பறையில் நெடுநேரம் நின்றான். அது போய்க்கொண்டே இருந்தது. ஆறு மாசம் அவன் காயப்போட்டான், அது அந்த வறட்சிக்கும் தன்னை மாற்றிக்கொண்டிருக்கிறது, பக்கத்து ஆள் போனதற்கு வளர்ந்தது, முதலாளி முட்டாள் ஆனதற்குச் சேமித்தது, காலையில் வெள்ளமாக ஊற்றியபோது இதுவும் எத்தனை நாளைக்கோ என்று முதலில் அள்ளி ஒளித்து வைத்துக்கொண்டு, பின்பு நம்பி, திறந்துவிட்டிருக்கிறது. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மன்னிச்சுக்கடா என்றான், இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாகவே, அடுத்த தடுப்பில் பெரியவர் மறுபடி வந்து நின்றிருந்தார் போல, "என்ன தம்பி, எறங்கிருச்சா?" என்ற குரல் வந்தது. இரண்டாவது தடவையும் பார்த்து முடித்து, தாளுக்காக வெளியே உட்கார்ந்தபோது போன் அடித்தது. பிலோமினா. "மீட்டிங் முடிஞ்சுதா?" "ம், முடியப்போகுது." அந்த நேரம் பார்த்து கவுன்ட்டர்ப் பெண், "இருபத்தொண்ணு, முட்டிச்சா?" என்று கத்தினாள். "யூனியன் மீட்டிங்ல எதுங்க முட்டுது?" என்றாள். அவனுக்குப் பொய் தீர்ந்துவிட்டது. ஒன்றரையைச் சொன்னான், ஸ்கேனைச் சொன்னான், தண்ணீர் குடிக்காததைக் கடைசியில் சொன்னான். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். "எவ்ளோன்னு சொன்னாங்க?" "பதினொண்ணு நாலு. முன்னாடி ஒம்பது எட்டு. வளந்திருக்காம், பிலோமினா." பிறகு, "உங்க ஆளும்தான்" என்றாள். "என்ன?" "போன மாசம் எனக்கு ஸ்கேன் எடுத்தாங்கல்ல. பன்னெண்டாம். எடுத்து வைக்கும்போது பத்துதானாம், டாக்டர் பழைய தாளை வச்சுச் சொன்னாரு. உங்ககிட்ட சொன்னா, அங்க இருக்கறது வளந்தா இங்க இருக்கறது சுருங்கியிருக்குமோன்னு நீங்க உக்காந்துருவீங்கன்னுதான் சொல்லல." சவரிராயன் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டான். மெஷினுக்காகப் போட்ட குளிரில் கை ரோமம் நின்றது. இரண்டுமே. அவள் இடுப்பெலும்புக்குள் ஒருவன், இவன் முதுகோரத்தில் ஒருவன், இடையில் ஒரு நரம்பு கிடையாது, ஒரு சொட்டு ரத்தம் கிடையாது, கண்டோன்மென்ட் தாண்டி ஏழு கிலோமீட்டர். அவனும் பக்கத்து ஆள் போய்விட்டான் இனி நான்தான் என்று நினைத்திருக்கிறான், இவனும் பக்கத்து ஆள் போய்விட்டான் இனி நான்தான் என்று நினைத்திருக்கிறான், இரண்டு பேரும் தனித்தனி இருட்டில், அதே வருஷத்தில், ஏறக்குறைய அதே அளவுக்கு, வளர்ந்திருக்கிறார்கள். யாரிடமும் சொல்லவில்லை. "இருக்கீங்களா?" என்றாள். "இருக்கேன்." "பக்கத்துல தண்ணி இருக்கா?" "இருக்கு." "குடிங்க. நான் கேக்கணும்." அவன் எழுந்து கேனுக்குப் போய் எட்டாவது கோப்பையைப் பிடித்து, போனைக் காதில் வைத்தபடியே குடித்தான், மடக்கு மடக்காக, அவளுக்குக் கேட்கும்படி. அந்தப் பக்கம் சொம்பை எடுக்கிற சத்தம், எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் விழுகிற சத்தம், அளக்காமல், நிறைய. பிறகு அவள் குடிப்பது கேட்டது.